இரவுக் காவலும் இன்சுலினும்: ஒரு நிகழ்வு ஆய்வு

கோலாலம்பூரில் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எந்தக் கொண்டோவுக்குப் போனாலும் வாசலில் தடுப்பைத் தூக்கிவிடுகிறவர் பெரும்பாலும் ஒரு நேப்பாளத்துக்காரராக இருப்பார், இல்லையென்றால் நம்மவர், ஐம்பதைத் தாண்டியவர், தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். அந்த நம்மவருக்கு இனிப்புநீர், அதாவது நீரிழிவு, இருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. 2019 மலேசிய தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர். இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு, மற்ற இனத்தவரைவிட அதிகம். 2023 ஆய்வில் நாட்டின் மொத்த அளவு 15.6க்கு இறங்கியது, நல்லதுதான், ஆனால் ஏற்கெனவே இன்சுலினில் இருக்கிறவர்களின் பாடு அதனால் மாறிவிடவில்லை.

நான் மருத்துவ மாணவர்களுக்குக் குடும்ப மருத்துவம் சொல்லிக்கொடுக்கிறேன். மருத்துவம் யாரை எட்டுகிறது, யாருக்கு முன்னால் நின்றுபோகிறது, ஏன் என்பதுதான் என் ஆராய்ச்சி. இங்கே எழுதுவது ஓர் இரவுக் காவலரைப் பற்றி. அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன், அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன், எந்த மருத்துவமனை, எந்த செக்யூரிட்டி கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. கிளினிக்கில் இன்சுலின் எழுதுகிறவர்கள், நர்ஸ்கள், வீட்டில் இனிப்புநீர்க்காரர் இருக்கிறவர்கள் இதைப் படித்தால் மிகவும் சந்தோஷப்படுவேன். இன்சுலினை அந்த ஆளுடைய நாளைக் கேட்டு எழுத வேண்டும், நாம் எழுதிய நேரத்துக்கு அவர் தன் பிழைப்பை மாற்றிக்கொள்வார் என்று எதிர்பார்க்கக்கூடாது. எனக்கு ஆற்றாமை என்னவென்றால், இதை எப்படிச் செய்வது என்று இந்த நாட்டு மருத்துவர்களுக்கு நன்றாகவே தெரியும். எங்கே கற்றோம் என்பதைக் கொஞ்சம் கீழே சொல்கிறேன்.

நோயாளி

வயது 57. கோல சிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர், பதினாலு வயதில் அம்மாவோடு பால்மரம் வெட்டப் போனவர். தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றபோது குடும்பம் நகரத்துக்கு வந்தது. லோரியில் கெலிண்டான், அதாவது டிரைவருக்கு உதவியாள், அப்புறம் ஒரு ஃபேக்டரி, அது மூடியபின் ஜாகா என்கிற காவல் வேலை. மனைவியோடும் கடைசி மகளோடும் பிபிஆர் என்ற அரசாங்க மலிவு வாடகை அடுக்குமாடியில், மாதம் 124 ரிங்கிட் வாடகையில் இருக்கிறார். நீல ஐசி (அடையாள அட்டை) வைத்திருக்கும் குடிமகன். அதனால் அரசாங்க கிளினிக்கில் 1 ரிங்கிட், நிபுணர் கிளினிக்கில் 5 ரிங்கிட், மூன்றாம் வகுப்பு வார்டில் ஒரு நாளைக்கு 3 ரிங்கிட். இன்சுலின், மாத்திரை எல்லாம் அதற்குள் அடக்கம். இதை முதலிலேயே சொல்லக் காரணம், காசில்லாததால் வைத்தியம் கிடைக்கவில்லை என்ற வழக்கமான விளக்கம் இவருக்குப் பொருந்தாது. ஐசி இல்லாதவர்கள், வெளிநாட்டுத் தொழிலாளர்கள், அகதிகள் படும் பாடு வேறு, அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

இனிப்புநீர் வந்து பதினாலு வருடம். முதலில் மெட்ஃபார்மின் மாத்திரை, பிறகு கிளிக்கிளசைடு மாத்திரையும் சேர்ந்தது, ஐந்து வருடத்துக்கு முன் மிக்ஸ்டார்ட் என்ற கலவை இன்சுலின், காலையும் மாலையும். மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி (ஏற ஏற மோசம்) முதலில் 9.6 விழுக்காடு, அடுத்து 10.8, கடைசியாக 12.4. ஒவ்வொரு முறையும் இன்சுலின் அளவு ஏறிக்கொண்டே போய், காலையில் 44 யூனிட், மாலையில் 36 யூனிட் என்று நின்றது. 71 கிலோ எடையுள்ள மனிதருக்கு இது கொஞ்சநஞ்சமில்லை. அட்டையில் அந்த வருடங்கள் முழுக்க ஒரே குறிப்பு, கையெழுத்து மட்டும் வேறு வேறு: நோயாளி மருந்தை ஒழுங்காக எடுப்பதில்லை, அறிவுரை கூறப்பட்டது. பல தவணைகளுக்கு வரவில்லை என்ற முத்திரையும் இருந்தது.

பிறகு கால். வலது பாதத்தில், பெருவிரலுக்குக் கீழே, உடம்பின் பாரமெல்லாம் விழுகிற இடத்தில் புண். நைலான் இழையால் தொட்டுப் பார்க்கும் சோதனையில் இரண்டு பாதத்திலும் எதுவும் தெரியவில்லை, அதாவது நரம்பு போய்விட்டது. கம்பெனி கொடுத்த பூட்ஸ் ஒரு சைஸ் சின்னது. உணர்ச்சி இருக்கிற கால் என்றால் அரைமணி நேரத்தில் கழற்றி எறிந்திருக்கும். இவர் பன்னிரண்டு மணி நேரம் அதைப் போட்டுக்கொண்டு நடந்திருக்கிறார். புண் வந்ததே சாக்ஸில் ஈரத்தைப் பார்த்து மனைவி சொல்லித்தான் தெரிந்தது. பக்கத்து விரல் கறுத்து, காய்ச்சலும் வந்தபிறகு அரசாங்க மருத்துவமனை ஒன்றில் சேர்ந்தார்.

வார்டில் நடந்தது

சேர்க்கும்போது ஹவுஸ்மன், அதாவது பயிற்சி டாக்டர், அட்டையைப் பார்த்து வீட்டு இன்சுலினை அப்படியே எழுதினார், 44, 36. எல்லாரும் செய்வதுதான். சாயங்காலம் நர்ஸ் 36 யூனிட் போட்டார். காய்ச்சலில் வாய் கசந்து நோயாளி சோற்றைத் தொட்டுவிட்டு வைத்துவிட்டார். நள்ளிரவு தாண்டி, பக்கத்துக் கட்டில்காரர் கூப்பிட்டு நர்ஸ் ஓடிப்போய்ப் பார்த்தபோது உடம்பெல்லாம் வேர்வை, பேச்சு குழறல், குளுக்கோமீட்டரில் 1.8 மில்லிமோல். நாலுக்குக் கீழே போனாலே ஆபத்து என்று எண்ணுகிறோம். நரம்பு வழியாக டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றினார்கள், பிழைத்துக்கொண்டார். விரல் ஒன்றை எடுக்க வேண்டியதாயிற்று.

மறுநாள் ரவுண்ட்ஸில் பேச்சு இன்சுலின் அளவைக் குறைப்பதோடு முடிந்துவிட்டது. ஆனால் அந்த 1.8க்குள் ஒரு பெரிய செய்தி இருந்தது. உடம்பில் கிருமித் தொற்று இருக்கும்போது சர்க்கரை வழக்கத்தைவிட ஏறும், இன்சுலின் தேவை கூடும். அப்படிப்பட்ட நேரத்திலேயே 36 யூனிட் ஒருவரைச் சாய்க்கிறது என்றால், சோறு குறைந்தது ஒரு காரணம் என்று வைத்துக்கொண்டாலும், வீட்டில் அவர் அந்த அளவைப் போட்டுக்கொண்டிருக்கவே முடியாது. அப்படியானால் ஐந்து வருடமாக நாம் ஏற்றிய எண்ணெல்லாம் காகிதத்தில் மட்டும் ஏறிய எண்கள். அவர் போடுவதில்லை என்று எழுதிய அதே கையால்தான் அளவையும் கூட்டியிருக்கிறோம். போடாத மருந்தைக் கூட்டி என்ன பயன்? ஏதோ ஒரு நாள் டாக்டர் சொன்னாரே என்று அவர் நிஜமாகவே போட்டால் என்ன ஆகும் என்று யாரும் யோசிக்கவில்லை.

அந்த வார்டில் அப்போது என்னோடு இறுதியாண்டு மாணவர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒரு மலாய் மாணவி கட்டிலருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ராத்திரி வேலையில் எத்தனை மணிக்குச் சாப்பிடுவீர்கள் பாக்சிக் (மாமா) என்று மலாயில் கேட்டாள். அவருடைய தாய்மொழி தெரிந்தவர்கள் அதற்கு முன் எத்தனையோ பேர் அவரைப் பார்த்திருக்கிறார்கள். மருந்து எடுக்கிறீர்களா என்றுதான் கேட்டார்கள், அவரும் ஆமா என்று சொல்லி வந்திருக்கிறார். தமிழ் பேசுகிற டாக்டர் வேண்டும் என்று நாம் கேட்பது நியாயம், நானும் கேட்கிறேன். ஆனால் எந்த மொழியில் கேட்டாலும் என்ன கேட்கிறோம் என்பதும் முக்கியம்.

வீட்டிலும் பொண்டோக்கிலும்

டிஸ்சார்ஜ் ஆனபின் மாணவர்களோடு வீட்டுக்குப் போனோம். அவர் மனைவி, எங்களைப் பசியாறச் சொல்லிவிட்டு, கேட்காமலேயே ஐஸ்பெட்டியைத் திறந்து காட்டினார். கீழ்த்தட்டில், கறிவேப்பிலைக் கட்டுக்கும் மாவு டப்பாவுக்கும் பின்னால், இன்சுலின் பெட்டிகள் அடுக்கி வைத்திருந்தன. பாதிக்கு மேல் பிரிக்கவே இல்லை. மாதாமாதம் மகள் போய் வரிசையில் நின்று வாங்கி வந்தவை. டாக்டரைப் பார்க்கும் தவணைக்கு அவர் வராவிட்டாலும் மருந்து தவறாமல் வீட்டுக்கு வந்திருக்கிறது. "தூக்கிப் போட மனசு வரல டாக்டர், அரசாங்கம் குடுக்கறது" என்றார் அந்த அக்கா. மாணவர்கள் பெட்டிகளை எடுத்துத் தேதிவாரியாக மேசையில் வைத்தார்கள். அவர் எப்போது நிறுத்தினார் என்பது அங்கேயே தெரிந்துவிட்டது.

ஏன் நிறுத்தினார் என்பதை அவர் வேலை செய்த கொண்டோவில்தான் சொன்னார். மருத்துவ விடுப்பில் இருந்தபோது, சக காவலரைப் பார்க்கப் போகிறேன், நீங்களும் வாருங்கள் என்று அவரே கூட்டிப் போனார். ஒரு பொண்டோக், அதாவது காவலர் குடில், ஒரு நாற்காலி, ஒரு மின்விசிறி, சுவரில் ரவுண்ட் போக வேண்டிய இடங்களின் வரைபடம். ஐஸ்பெட்டி இல்லை. கழிவறை கார் நிறுத்துமிடத்தின் அந்தக் கோடியில். வேலை ராத்திரி ஏழிலிருந்து காலை ஏழு வரை. வீட்டில் ஆறு மணிக்கு ஊசி போட்டு, ஆறரைக்குச் சாப்பிட்டு, மோட்டாரில் கிளம்புவார். அதற்குப்பின் விடியும்வரை தே ஓ கோசோங் என்கிற பால் இல்லாத தேநீர் மட்டும், சீனியும் இல்லாமல், ஏனென்றால் சீனி கூடாது என்று நாம்தான் சொல்லியிருக்கிறோம்.

மிக்ஸ்டார்டில் 30 பங்கு சீக்கிரம் வேலை செய்யும் இன்சுலின், 70 பங்கு மெதுவாக வேலை செய்வது. அந்த மெதுவான பங்கு ஊசி போட்டு நாலு மணி நேரத்துக்கு மேல்தான் உச்சத்துக்குப் போகும், அப்புறம் பல மணி நேரம் இழுக்கும். ஆறு மணிக்குப் போட்டால் பத்து மணியிலிருந்து இரண்டு, மூன்று வரை அதன் வேகம். அந்த நேரம்தான் இவர் எட்டு மாடி கார் நிறுத்துமிடத்தைச் சுற்றி, ஒவ்வொரு தூணிலும் கார்டைத் தட்டிவிட்டு நடக்கிற நேரம். வயிறு காலி, கால் நடக்கிறது, இன்சுலின் உச்சத்தில் இருக்கிறது. கை நடுங்கும், கண் இருட்டும், படியில் உட்கார்ந்துவிடுவார். ஒரு நாள் அப்படி உட்கார்ந்தவரை, வேலை நேரத்தில் தூங்குகிறார் என்று சூப்பர்வைசர் படம் பிடித்து அனுப்பிவிட்டார். எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதன்பிறகு வேலை நாட்களில் மாலை ஊசியை விட்டுவிட்டார். காலை ஊசிக்கும் அதே கதி: வேலை முடிந்து வந்து ஊசி போட்டு, பசியாறி, ஒன்பது மணிக்குப் படுத்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு எழமாட்டார், தூக்கத்திலேயே சர்க்கரை இறங்கி, நனைந்த தலையணையோடு பயந்து எழுந்திருக்கிறார். பயம் வந்தபின் அதையும் விட்டார்.

இதை டாக்டரிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா திட்டுவாங்க, வேலைய மாத்துங்கன்னு சொல்வாங்க, மாத்த முடிஞ்சா மாத்தியிருக்க மாட்டேனா" என்றார்.

தவணைக்கு வராததும் இதன் தொடர்ச்சிதான். எட்டு மணிக்கு, வெறும் வயிற்றில், ரத்தம் எடுக்க வரச்சொல்லி அட்டையில் எழுதியிருக்கும். ராத்திரி முழுக்க நடந்துவிட்டு, சாப்பிடாமல், நேராக வந்து, நம்பர் எடுத்து, பதினொரு மணிவரை காத்திருந்து, நம்பரைக் கூப்பிடும்போது உட்கார்ந்தபடியே தூங்கிப்போய்த் தவறவிட்டு, மறுபடி நம்பர் எடுக்க வேண்டும். சாயங்காலம் மறுபடி வேலைக்குக் கிளம்ப வேண்டும். எச்பிஏ1சி எடுக்க வெறும் வயிறே தேவையில்லை, எந்த நேரத்திலும் எடுக்கலாம். கொழுப்புப் பரிசோதனைக்கும் பெரும்பாலானவர்களுக்கு இப்போது அது கட்டாயமில்லை. பழக்கத்தில் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளர் கிராமம் ஒன்றில் டாக்டராக இருந்த ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971இல் லான்செட் இதழில் ஒரு கட்டுரை எழுதினார்: நல்ல மருத்துவம் யாருக்கு மிகவும் தேவையோ அவர்களுக்கே அது குறைவாகக் கிடைக்கிறது என்று. அவர் முக்கியமாகக் குற்றம் சாட்டியது சந்தையை. இங்கே சந்தை இல்லை, 1 ரிங்கிட் கட்டணம்தான். ஆனாலும் அதே விளைவு வந்திருக்கிறது, ஏனென்றால் இங்கே விலை தூக்கத்தில் வசூலாகிறது. பகல் வேலைக்காரர் என்றால் கூலியில் வசூலாகும். குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட்டை 26 நாளால் வகுத்தால் ஒரு நாளைக்கு 65 ரிங்கிட் சொச்சம் வரும். கிளினிக்குக்கு ஒரு நாள் போனால் போவது அதுதான், அந்த ஒரு ரிங்கிட் அல்ல.

நோன்பு மாதத்தில் செய்வது

எல்லாவற்றையும் ஒரே தாளில் வரையச் சொன்னேன். 24 மணி நேரத்துக்கு ஒரு கோடு, அதன்மேல் தூக்கம், சாப்பாடு, ஊசி, நடை, இன்சுலின் உச்சம். மலாய் மாணவிதான் வரைந்தாள். வரைந்து முடித்துக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இது நோன்பு மாதம் மாதிரி இருக்கிறதே டாக்டர், என் தாத்தாவுக்கு ஒவ்வொரு வருடமும் மாற்றித் தருவார்களே என்றாள்.

அவள் சொன்னதுதான் இந்த நிகழ்வின் மையம். நோன்பு தொடங்கும் முன்பே இந்த நாட்டு கிளினிக்குகளில் இனிப்புநீர்க்காரர்களைக் கூப்பிட்டுப் பேசுகிறோம், யார் நோன்பு இருக்கலாம், யார் இருக்கக்கூடாது என்று தரம் பிரிக்கிறோம். கலவை இன்சுலின் போடுகிறவர்களுக்குக் காலை அளவை நோன்பு திறக்கும் நேரத்துக்கு மாற்றி, மாலை அளவைக் கால்பங்கிலிருந்து பாதிவரை குறைத்து சஹூருக்கு, அதாவது விடியுமுன் சாப்பிடும் நேரத்துக்கு, கொடுக்கிறோம். சர்க்கரை நாலுக்குக் கீழே போனால் நோன்பை முறித்துவிடச் சொல்கிறோம். இதற்கு வழிகாட்டிகள் இருக்கின்றன, மருந்தாளர்கள் பயிற்சி பெற்றிருக்கிறார்கள், நோயாளியை யாரும் திட்டுவதில்லை. ஆக, சாப்பாடும் தூக்கமும் புரண்டுபோன ஒரு மனிதருக்கு இன்சுலின் எழுதத் தெரியாது என்று நாம் சொல்ல முடியாது. வருடத்தில் ஒரு மாதம் ஏராளமானவர்களுக்குச் செய்கிறோம். பன்னிரண்டு மாதமும் அப்படியே வாழ்கிற காவலருக்கும் ஃபேக்டரி இரவு ஷிப்டுக்காரருக்கும் செய்யவில்லை, அவர்கள் நாளைப் பற்றி யாரும் கேட்காததால்.

எங்கள் திட்டத்தில் முதல் காரியம், அட்டையிலிருந்த 80 யூனிட்டை மறப்பது. இன்சுலினே போடாதவராக எண்ணிப் புதிதாகத் தொடங்கினோம்: உச்சம் இல்லாமல் சீராக வேலை செய்யும் கிளார்ஜின், கிலோவுக்கு 0.2 யூனிட் கணக்கில் 14 யூனிட், ஒரு நாளைக்கு ஒரே தடவை, மாலை நாலு மணிக்கு, அதாவது அவர் தூங்கி எழும் நேரத்தில். மெட்ஃபார்மின் தொடர்ந்தது, சர்க்கரையை இறக்கிவிடக்கூடிய கிளிக்கிளசைடை நிறுத்தினோம். நள்ளிரவில் ஒரு ரொட்டியோ சப்பாத்தியோ சாப்பிட வேண்டும், சட்டைப்பையில் சீனிப் பொட்டலம் இருக்க வேண்டும், சீனி கூடாது என்று சொன்னதற்கு இது விதிவிலக்கு என்று மனைவி முன்னாலேயே சொன்னோம். பிறகு மெதுவாக 22 யூனிட்வரை ஏற்றி, பெரிய சாப்பாட்டுக்கு மட்டும் ஒரு குறுகிய நேர இன்சுலின் சேர்த்தோம். ஆறு மாதம் கழித்து எச்பிஏ1சி 8.7. இன்னும் அதிகம்தான், ஆனால் 12.4இலிருந்து அங்கே வந்தது 80 யூனிட் எழுதியிருந்தபோது நடக்கவில்லை. இந்த அளவுகள் இவருக்கானவை. உங்கள் அப்பாவுக்கோ மாமாவுக்கோ அவர்கள் டாக்டரிடம் கேட்டுத்தான் மாற்ற வேண்டும்.

புண் ஆற வேறொன்று வேண்டும்: பாதத்தில் பாரம் விழக்கூடாது. ஜாகா வேலையில் அது எப்படி முடியும்? வேலைச் சட்டப்படி, இரண்டு வருடத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு வருடம் 14 நாள் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு, ஐந்து வருடம் தாண்டினால் 22 நாள், மருத்துவமனையில் தங்குவதற்கு 60 நாள். இவர் அதே கொண்டோ வாசலில் ஏழு வருடம் நின்றிருக்கிறார். ஆனால் குத்தகை மாற மாற கம்பெனி மாறியது, ஒவ்வொரு முறையும் புது ஆளாகக் கையெழுத்துப் போட்டார், அதனால் எப்போதும் 14 நாள்தான். பாதப் புண் ஆற மாதக்கணக்காகும். நாங்கள் கடிதம் எழுதி, மேலாண்மை அலுவலகத்தில் பேசி, பகலில் கேமரா அறையில் உட்காரும் வேலைக்கு மாற்றினார்கள். புண் ஆறியது. ராத்திரி அலவன்ஸ் போனது, ஓவர்டைம் குறைந்தது, வீட்டில் மகள் பகுதிநேர வேலை ஒன்று சேர்த்துக்கொண்டாள். இதையும் சிகிச்சையின் பக்கவிளைவாக நான் குறித்துவைத்திருக்கிறேன்.

நம் ஊர்க் கதை ஒன்று வகுப்பில் அடிக்கடி சொல்வேன். 1901இல் கிள்ளானில் மால்கம் வாட்சன் என்ற டாக்டர், மலேரியாக் காய்ச்சலில் ஜனங்கள் கொத்துக்கொத்தாகச் சாவதைப் பார்த்து, கொய்னாவோடு நிற்காமல் சதுப்பு நிலத்தில் வடிகால் வெட்டச் செய்தார், சாவு குறைந்தது. பிறகு தோட்டங்களிலும் அந்த வேலையைச் செய்தார், அங்கே செத்துக்கொண்டிருந்தவர்கள் நம் பாட்டன் பூட்டன். மருத்துவமனைக்கு வெளியே போய் எதையாவது மாற்றுவது டாக்டர் வேலை இல்லை என்று ஒரு மாணவர் சொல்லும்போது இதைச் சொல்கிறேன்.

ஆனால் மாணவர்கள் வைத்த இன்னொரு கேள்வி நியாயமானது: கிளினிக்கில் ஓர் ஆளுக்கு ஐந்து நிமிடம், இதற்கெல்லாம் நேரம் எங்கே? எல்லாருக்கும் செய்ய முடியாதுதான். இன்சுலினில் இருந்தும் எச்பிஏ1சி 10க்கு மேலே இருக்கிறவர்களுக்கு மட்டும், அளவை ஏற்றுவதற்கு முன், வீட்டிலுள்ள பெட்டிகளைக் கொண்டுவரச் சொல்லி, ஒரு நர்ஸோ மாணவரோ அந்த 24 மணி நேரக் கோட்டை வரையலாம். கால்மணி நேரம் ஆகும். ஐந்து வருடம் அளவை ஏற்றியதில் செலவான நேரமும் இன்சுலினும், கடைசியில் ஒரு விரலும், அதைவிட அதிகம்.

ஆராய்ச்சியில் எங்களுக்குள்ள சங்கடமும் இதே இடத்தில்தான். இனிப்புநீரைப் பற்றிய எங்கள் தரவு பெரும்பாலும் கிளினிக் பதிவுகளிலிருந்து வருகிறது. கிளினிக்குக்கு வராதவர் அதில் வெறும் காலி இடம். கோயில் மண்டபத்து மருத்துவ முகாமில் ஆள் பிடிக்கலாம் என்று பார்த்தால், ஞாயிறு காலை அங்கே வருகிறவர்களும் ராத்திரி வேலை இல்லாதவர்களே. அதனால் இப்போது நேர்காணலுக்கு நாங்களே இரவில் பொண்டோக்குகளுக்குப் போகிறோம். பேச்சு நடுவில் கார் வரும், எழுந்து போவார்கள், காத்திருப்போம். வேலையிடத்தில் பேசினால் சூப்பர்வைசர் பார்ப்பாரோ என்ற பயம் அவர்களுக்கு உண்டு, ஆகவே கம்பெனி பெயரைப் பதிவுசெய்வதே இல்லை.

இதற்கிடையில் குத்தகை மறுபடி மாறிவிட்டது. புதுக் கம்பெனி அவரை ராத்திரி ஷிப்டில் போட்டிருக்கிறது. அவரிடம் இப்போது ஒரு தாள் இருக்கிறது, ஒரு பக்கம் பகல் வேலைக்கான நேரங்கள், மறுபக்கம் இரவு வேலைக்கானவை, எந்தப் பக்கத்திலும் ஊசி நாலு மணிக்கே. மாறுவது சாப்பாடும் குறுகிய நேர இன்சுலினும்தான். ஷிப்ட் மாறிய வாரத்தில் அவரே பக்கத்தைத் திருப்பிக்கொண்டு, மறுநாள் மகளைவிட்டு எங்களுக்குத் தகவல் சொன்னார். கிளினிக்கில் அவருக்கு மத்தியானம் மூன்று மணித் தவணை கொடுத்திருக்கிறார்கள், இதுவரை எல்லாவற்றுக்கும் வந்திருக்கிறார். பூட்ஸ் விஷயம் மட்டும் முடியவில்லை: அகலமான, மெத்தென்ற உள்பாகமுள்ள காலணி போட அனுமதி கேட்டு எழுதிய கடிதத்துக்குப் புதுக் கம்பெனியிடமிருந்து பதில் வரவில்லை. எடுத்த விரலுக்குப் பக்கத்தில் தோல் தடிக்கத் தொடங்கியிருப்பதால், பாத மருத்துவப் பிரிவின் அறிக்கையையும் இணைத்து இரண்டாவது கடிதம் இந்த வாரம் போகிறது.